குழாயைத் திருகிய கை

சித்தி, காலை 9:12
எனக்கும் முரளிக்கும் வயிற்றுப்போக்கு நேற்றோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வைத்த கோழிக்குழம்புதான் காரணம் என்று அவன் சாதிக்கிறான். முக்கால் மணி நேரம் கொதித்த குழம்பு எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரியப்பா, காலை 9:20
அந்தக் குழம்பை நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்; எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

கவிதா, காலை 9:31
அப்படியானால் குழம்பின் மேல் பழி போட வேண்டாம் சித்தி. இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டால், பச்சைக் கோழியில் வழக்கமாகக் காணப்படும் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற கிருமிகள் பிழைப்பதில்லை. அன்றைக்கு வேகவைக்காமல் சாப்பிட்டது என்ன?

முரளி, காலை 9:34
வெள்ளரிக்காய் சாலட் இருந்தது, அக்கா. பல் வலி என்று பெரியப்பா மட்டும் அதைத் தொடவில்லை.

சித்தி, காலை 9:41
கோழியைக் குழாயடியில் நன்றாகக் கழுவி, பலகையில் வைத்து நறுக்கி, பலகையையும் கத்தியையும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் வெள்ளரிக்காயை நறுக்கினேன். கையைச் சோப்புப் போட்டே கழுவினேன்.

கவிதா, காலை 9:58
பரிசோதனை செய்யாமல் அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், எனக்குச் சந்தேகம் அந்தப் பலகையின் மேல்தான். வெறும் தண்ணீரில் அலசினால் கத்தி கீறிய கோடுகளுக்குள் இருக்கும் கொழுப்பும் கிருமியும் போவதில்லை. சோப்பும் வெந்நீரும் வைத்துத் தேய்க்க வேண்டும். இரண்டு பலகை இல்லாத வீட்டில், காய்கறியை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிட்டு இறைச்சியைக் கடைசியில் நறுக்கினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

கோழியை ஓடும் தண்ணீரில் கழுவுவதால் கிருமி குறைவதைவிடப் பரவுவதே அதிகம். தோலில் பட்டுத் தெறிக்கும் நீர்த்துளிகள் தொட்டியின் ஓரம், பக்கத்தில் கவிழ்த்து வைத்த தட்டு, உங்கள் சேலை எல்லாவற்றின் மீதும் விழுகின்றன.

சித்தி, காலை 10:04
கழுவாமல் சமைக்க எனக்கு மனம் ஒப்பாது கவிதா. அந்தச் சிவப்பு நீரை அப்படியே குழம்பில் விடச் சொல்கிறாயா?

கவிதா, காலை 10:15
அது பெரும்பாலும் ரத்தம் அன்று சித்தி. தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறமி கலந்த நீர்தான். காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, அதை உடனே குப்பையில் போட்டுவிடலாம். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, அதற்குள் தெறிக்காமல் மெதுவாக அலசுங்கள். பிறகு அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவாமல் வேறு எதையும் அதில் வைக்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ உப்பு நீரோ இந்தக் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். கை கழுவ எந்தக் கையால் குழாயைத் திறந்தீர்கள்?

சித்தி, காலை 10:19
கோழி நறுக்கிய கையால்தான். வேறு கைக்கு நான் எங்கே போவேன்?

கவிதா, காலை 10:27
அங்கேதான் சிக்கல் இருக்கிறது. அழுக்குக் கையால் குழாயைத் திறந்து, 20 விநாடி சோப்புப் போட்டு நகக்கண், மோதிரத்தின் அடிப்பக்கம் வரை தேய்த்துக் கழுவிவிட்டு, அதே திருகைப் பிடித்து மூடினால், கழுவிய கைக்குக் கிருமி திரும்பி வந்துவிடுகிறது. முழங்கையால் திறக்கலாம், அல்லது கை கழுவும்போதே திருகுக்கும் சோப்பு போட்டுக் கழுவலாம். கையைத் துடைக்கும் துணியும் சமையல் மேடையைத் துடைக்கும் துணியும் ஒன்றாக இருக்கக் கூடாது.

பெரியப்பா, காலை 10:36
1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவ அறைக்கு வந்தவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. அப்போதும் படித்த மருத்துவர்களே அவரோடு சண்டை போட்டார்கள், ஆகவே நீ வருத்தப்படாதே அம்மா.

முரளி, காலை 10:40
கையுறை போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே, அக்கா?

கவிதா, காலை 10:46
கோழியைத் தொட்ட கையுறையோடு உப்பு டப்பாவைத் திறந்தால், வெறுங்கையால் திறந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கொழுப்புப் படிந்த கையில் சானிடைசரும் சரியாக வேலை செய்யாது. உப்பையும் மசாலாவையும் ஒரு கிண்ணத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு கோழியில் கை வைப்பதே எளிது.

சித்தி, காலை 10:52
உறைந்த கோழியை மேடையில் வைத்துத்தான் இளக விட்டேன். அதுவும் தவறா?

கவிதா, காலை 10:55
தவறுதான் சித்தி. முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், நீர் ஒழுகாத பாத்திரத்தில் வைத்துவிடுங்கள். உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, காலை 11:08
இந்தக் குழுவில் மேலே தேடிப் பார்த்தேன். ஞாயிறு காலை 11:40-க்கு முரளி அனுப்பிய படத்தில், பலகையின் மேல் பாதி நறுக்கிய கோழியும் அதைப் பிடித்திருக்கும் அவனுடைய இடக்கையும் தெரிகின்றன. கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறாய் தம்பி. கைபேசியைப் பிடித்திருந்த மற்றக் கையைக் கழுவிவிட்டுத்தான் எடுத்தாயா?

முரளி, காலை 11:21
திரையையும் உறையையும் இப்போதுதான் துடைத்து முடித்தேன், பெரியப்பா.