'ஃபால்பேக்' என்பதற்குக் 'கைமாற்று' பொருந்துமா?

நாம் தேர்ந்த எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாதபோது, அதைக் காட்டக் கணினி நாடும் வேறோர் எழுத்துருவை ஆங்கிலத்தில் 'ஃபால்பேக் ஃபான்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் கலைச்சொல் கேட்டிருந்தீர்கள். நண்பர் முன்வைத்த 'பின்னடைவு எழுத்துரு' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. பின்னடைவு என்றதும் வாக்கு எண்ணிக்கையில் பின்தங்கிய வேட்பாளர்தான் நினைவுக்கு வருகிறார்.

ஆங்கிலத்தில் 'ஃபால் பேக்' தனித்து நின்றால், படை பின்வாங்குவதையோ உடன் வந்தவர் பின்தங்குவதையோ குறிக்கும். அதனோடு 'ஆன்' சேர்ந்துவிட்டால், முதல் வழி அடைபட்டபோது கைவசமுள்ள இன்னொன்றை நாடுவது என்ற பொருள் வந்துவிடுகிறது. வேலை இழந்தவர் சேமிப்பை எடுத்துக் குடும்பம் நடத்துவதை அவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். நாமோ 'சேமிப்பு கைகொடுத்தது' என்கிறோம். நம் வாக்கியத்தில் விழுபவர் எழுவாய் அல்லர், தாங்குவதே எழுவாய். ஆகவே 'விழுதல்', 'பின்' ஆகிய இரண்டையும் விட்டுவிட்டே சொல் தேட வேண்டும்.

எழுத்துருவில் நடப்பதைச் சற்று உற்றுப் பார்க்கலாம். முதலில் குறிப்பிட்ட எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லையென்றால், இணைய உலாவி அந்த ஓர் எழுத்துக்கு மட்டும், பக்கத்தை வடிவமைத்தவர் தந்த எழுத்துருப் பட்டியலில் அடுத்துள்ளதையும், அதிலும் இல்லையெனில் கணினியில் உள்ள பிறவற்றையும் தேடுகிறது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் பொதுவான எண் வழங்கும் தரமான யூனிகோடின் 12.0 பதிப்பு, 2019இல் வெளிவந்தபோது, தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் அடங்கிய 51 குறியீடுகளைச் சேர்த்தது. பழைய நிலக்கணக்கைத் தட்டச்சிடும்போது, 320இல் ஒரு பங்கான முந்திரியின் குறி மட்டும் வேறோர் எழுத்துருவிலிருந்து வந்து, அக்கம்பக்கத்து எழுத்துகளைவிட மெலிந்து, அடிக்கோட்டுக்குச் சற்றே மேலே நின்றால், அது இரவல் சரக்கு என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

'மாற்று எழுத்துரு' என்றால் பயனர் விரும்பித் தேர்ந்தது போலாகும். 'பதிலி'யை, நம் கணினிக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் பிராக்ஸிக்கு வழங்கிவிட்டோம். 'துணை' எதற்கும் பொருந்துவதாலேயே எதையும் சுட்டுவதில்லை. அவசரத்துக்கு அண்டை வீட்டில் நூறு ரூபாய் வாங்குவதைக் கைமாற்று என்கிறோமே, அதுவே இங்கு நடப்பது. 'கைமாற்று எழுத்துரு' என்று பெயராகவும், 'உலாவி இவ்வெழுத்தைக் கைமாற்றாக வாங்குகிறது' என்று வினையோடும் இயல்பாக வருகிறது. கைமாற்றைத் திருப்பித் தர வேண்டுமே என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் உவமையில் அவ்வளவு நேர்மையை நான் எதிர்பார்ப்பதில்லை.

இச்சொல்லையே தொலைபேசி வலையமைப்புக்கும் நீட்டுவதை மட்டும் எதிர்க்கிறேன். 4ஜி வழியே குரல் அழைப்பு இயலாதபோது கைப்பேசி 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்குகிறது. அங்கே இரவல் ஏதுமில்லை, படியிறக்கமே உண்டு. அதற்கு 'இறங்குமாற்றம்' போதும். ஆங்கிலம் ஒரே வினையால் இரண்டையும் சொல்கிறது என்பதற்காக நாமும் ஒன்றால் சொல்லியாக வேண்டும் என்பதில்லை.

எந்த எழுத்துருவிலும் கிடைக்காதபோது திரையில் தோன்றும் வெற்றுச் சதுரத்துக்கும் கலைச்சொல் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் அதைக் 'கட்டம்' என்றுதான் சொல்கிறார்கள், அதுவே இருக்கட்டும்.