ஹார்ட் பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சு பல வருஷம் ஆனவங்க அனுபவம் சொல்லுங்க

மதுரை மகள்:
அப்பாவுக்கு 2011-ல பைபாஸ். மூணு கிராஃப்ட், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தம் போக ஒட்டுற மாற்றுக் குழாய்: நெஞ்சுத் தமனி ஒண்ணு, கால் நரம்பு (சிரை, ரத்தக்குழாய்தான்) ரெண்டு. தோட்டம், கல்யாணம் காட்சின்னு நல்லாத்தான் இருந்தார். போன தையில மாடிப்படி ஏறும்போது பாதியில நின்னு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டார். "மூச்சு வாங்குதும்மா, வேற ஒண்ணுமில்ல." நெஞ்சு வலி துளிகூட இல்லை. சுகர்காரங்களுக்கு வலி தெரியாமலே போகும்னு டாக்டர் சொன்னார். ஆஞ்சியோவை, அதான் ரத்தக்குழாயில சாயம் விட்டு எடுக்கிற படத்தை, திரையில போட்டுக் காட்டினாங்க. நெஞ்சுத் தமனியில சாயம் பளிச்சுனு ஓடுது. கால் நரம்புல ஒண்ணு, வெட்டிவிட்ட குச்சி மாதிரி தொடங்கின இடத்துலயே நின்னுடுச்சு. அப்பா என் கையைப் பிடிச்சு, "அன்னிக்கு நெஞ்சைத் திறந்து வெச்சதுதானேம்மா இது?"ன்னார். இதுக்கும் ஆயுசு உண்டுன்னு டிஸ்சார்ஜ் அன்னிக்கே ஏன் யாரும் சொல்றதில்லை?

பெரம்பூர் ரயில்வே:
யாரும் சொல்றதில்லைன்னு பொதுவா எழுதாதீங்கம்மா. 1975-ல நாட்டிலேயே முதல் பைபாஸ் நடந்த பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியிலதான் எனக்கும் 2004-ல. அன்னிக்கே தெளிவா சொன்னாங்க. இன்னிக்கும் காலையில நடக்கிறேன். கால் நரம்பு தமனியோட அழுத்தத்துக்குப் பழகினது இல்லை; சுவர் தடிச்சு, கொழுப்பு படிஞ்சு, பத்து வருஷத்துல கிட்டத்தட்ட பாதி அடைபட்டுடும். நெஞ்சுத் தமனி பத்துக்கு ஒன்பது திறந்தே இருக்கும். அதனால ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், கொழுப்பு குறைய ஸ்டேட்டின், ரெண்டு மாத்திரையையும் நல்லாயிருக்கேன்னு நிறுத்தவே கூடாது. எல்.டி.எல்.ங்கிற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழயாவது இருக்கணும். பிபியை ரெண்டு கையிலயும் பாருங்க. நெஞ்சுத் தமனி இடது கைக்குப் போற குழாயிலிருந்துதான் கிளம்புது. அங்க சுருக்கம் வந்தா இடது கையில பிபி குறைவாக் காட்டும், கிராஃப்டுக்கும் ரத்தம் குறையும். சிகரெட் புகை பக்கமே போக வேண்டாம். அப்பாவுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தீங்களா? இதயம் ரத்தத்தைத் தள்ளுற பம்பிங் எவ்வளவு?

கோவை அக்கா:
ஐயா, நீங்க சொல்றது அத்தனையும் சரி. ஆனா அந்தப் பொண்ணு மாத்திரை கேக்கலை. என் வீட்டுக்காரருக்கு கிராஃப்ட் எல்லாம் சுத்தமா இருக்குன்னு ரிப்போர்ட். இருந்தும் ராத்திரி நான் கண் முழிச்சா, மணிக்கட்டுல விரலை வெச்சு நாடியை எண்ணிக்கிட்டு இருக்கார். பேத்தி ஓடி வந்தா நெஞ்சை ரெண்டு கையாலயும் மறைச்சுக்கிறார். ஆபரேஷன்ல பிளந்த நெஞ்செலும்பு கூடி வருஷக்கணக்காச்சு. இதுக்கு எந்த டாக்டர்கிட்ட போறதுன்னுகூட எங்களுக்கு யாரும் சொல்லலை.

மதுரை மகள்:
எக்கோ எடுத்தாச்சு ஐயா, பம்பிங் பரவாயில்லை. பழைய கிராஃப்டைத் தொடாம இதயத்தோட சொந்தக் குழாயிலயே ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. அக்கா, அப்பாவும் இப்போ படியேறும்போது நாடியைத்தான் பிடிக்கிறார். உங்க வீட்டுக்காரர்கூட அவரைப் போன்ல பேச வைக்கலாமா?