சிபேப் மாஸ்க்கை நடுராத்திரி கழற்றிவிடுகிறார்: எதை முதலில் சரிசெய்வது?

வளவுவீட்டுப்பிள்ளை, காரைக்குடி

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 61 வயது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா நோய். ஸ்லீப் ஸ்டடியில் ஏஹெச்ஐ (மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுது என்ற கணக்கு) 38, ஆக்சிஜன் 74 சதவீதம் வரை இறங்கியிருக்கு. தொண்டை அடைபடாமல் காற்றை அழுத்தி ஊதும் ஆட்டோ சிபேப் மெஷினும் மூக்கு மாஸ்க்கும் கொடுத்து, அழுத்தம் 4 முதல் 20 வரை வைத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக பத்து மணிக்கு மாட்டுகிறார், இரண்டு மணிக்குக் கழற்றிவிடுகிறார். ஆரம்பத்தில் காற்றே போதாமல் மூச்சு முட்டுதாம். வாய் காயுது, வயிறு உப்புது, கரண்ட் போனால் பயம். பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொக்குவது அப்படியேதான் இருக்கு. பிபிக்கு மூன்று மாத்திரை ஓடுது. ஆத்தா, "பாதி ராத்திரி குறட்டை இல்லையே, அதுவே போதும்" என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். பழைய வளவு வீடு, போர் தண்ணீர். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூச்சுக்கணக்கு

தம்பி, மாத்திரைப் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். அல்பிரசோலம், டயஸிபாம் வகை மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மூச்சு நின்றால் மூளை தட்டி எழுப்புகிறதே, அந்த எச்சரிக்கையையும் மழுங்கடிக்கும். மாஸ்க் கழன்று கிடக்கும் நேரத்தில் அது ஆபத்து. சாராயம், பிராந்திக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது ஆத்தா சொல்லும் "பாதி ராத்திரி". கனவுத் தூக்கம் பெரும்பாலும் விடியற்காலைப் பக்கம்தான் நீளமாக வரும். உடம்பின் தசைகள் அதிகம் தளர்வது அப்போதுதான், தொண்டை நீண்ட நேரம் அடைபடுவதும் அப்போதுதான். இரண்டு மணிக்குக் கழற்றினால் மோசமான பகுதியில் மெஷின் இல்லை என்று அர்த்தம். ஏஹெச்ஐ 38 என்றால் மணிக்கு 38 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது, ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி. 30-ஐத் தாண்டினாலே தீவிரம். ஒவ்வொரு அடைப்பிலும் ஆக்சிஜன் இறங்கி, அட்ரினலின் ஏறி, பிபி குதிக்கும். மூன்று மாத்திரைக்கும் பிபி அடங்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ராத்திரி இரண்டு மூன்று தடவை ஒன்றுக்குப் போக எழுந்தால் சர்க்கரை, புராஸ்டேட் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அடைபட்ட தொண்டையோடு மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து இதயத்துக்கு ரத்தம் கூடுதலாக வரும். இதயம் அதை உடம்பில் நீர் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனை விடும்.

மூச்சு முட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த 4. பெரிய உடம்புக்காரருக்கு 4 செ.மீ. நீரளவு அழுத்தம் ஜன்னலைச் சாத்திய அறை மாதிரி இருக்கும். ஆரம்ப அழுத்தத்தை 6, 7-க்கு ஏற்றினாலே பலருக்கு முட்டல் போய்விடும். அதை டாக்டர் சொல்லி மாற்ற வேண்டும், நீங்களே மெனுவைத் திறந்து நோண்டாதீர்கள். வயிறு உப்புவது காற்றை விழுங்குவதால். 20 வரை திறந்துவிட்டிருப்பதால் லீக் ஆகும்போது மெஷின் தேவையில்லாமல் ஏறிக்கொண்டிருக்கலாம். மெஷினின் மெமரி கார்டில் உள்ள லீக் (வீணாக ஒழுகும் காற்று), 95 சதவீத அழுத்தம் (95 சதவீத நேரம் மெஷின் தாண்டாத அழுத்தம்), மீதி ஏஹெச்ஐ (மெஷின் ஓடும்போதும் மிஞ்சும் கணக்கு) மூன்றையும் இங்கே போடுங்கள்.

கோட்டையூர் வாக்கிங்

இவ்வளவு பாடு எதற்கு? 10 கிலோ இறக்கினால் குறட்டை தானாகப் போய்விடும். ராத்திரி இட்லியோடு நிறுத்தினாலே போதும்.

மூச்சுக்கணக்கு

எடை குறைக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏஹெச்ஐ ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் குறையும். 38 என்பது 28, 29 ஆகும். அதுவும் மிதமான வகையின் மேல் எல்லை. எடை இறங்கும் மாதங்களிலும் ஆக்சிஜன் 74-க்கு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும், அண்ணே.

கரண்ட்டுக்காரர்

கரண்ட் போனால் மூச்சு அடைக்காது. மூக்கு மாஸ்க்கில் காற்று வெளியேற ஓட்டை உண்டு, வாயும் திறந்திருக்கு. முழுமுக மாஸ்க் என்றால் கரண்ட் போனதும் தானே திறக்கும் வால்வு உள்ளது. ஆனாலும் திடீரென்று காற்று நின்றால் யாரும் மாஸ்க்கை வீசத்தான் செய்வார்கள்.

இன்வெர்ட்டர் கணக்கு இது. 150 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் பேட்டரியில் 1800 வாட்-அவர் இருக்கும். லெட் ஆசிட் பேட்டரியை அடிமட்டம் வரை இழுக்கக் கூடாது. பாதியைத்தான் நம்பலாம், 900. மாற்றும்போது போகும் நஷ்டத்தைக் கழித்தால் 750 அளவு. ஈரப்பதப் பெட்டி (தண்ணீர் ஊற்றிக் காற்றை ஈரமாக்கும் பெட்டி) இல்லாமல் மெஷின் 30, 40 வாட்தான் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 320. பழைய ஃபேன் 75 வாட் என்றால் அதுவே 600 சாப்பிடும், கணக்கு உதைக்கும். 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு மாற்றினால் இரண்டும் சேர்ந்து 560, விடியும் வரை தாங்கும். ஈரப்பதப் பெட்டியும் சூடாகும் குழாயும் ஓடினால் மெஷின் மட்டுமே 60-க்கு மேல் போகும், அதனால் கரண்ட் இல்லாதபோது சூட்டை அணைத்துவிடுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும், ஸ்கொயர் வேவில் அடாப்டர் சூடாகும்.

ஆச்சி_நர்ஸ், தேவகோட்டை

தண்ணீரும் சுத்தமும் நான் சொல்கிறேன். போர் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினாலும் உப்பு போகாது, காய்ச்சக் காய்ச்சக் கூடவே செய்யும். பெட்டித் தட்டில் வெள்ளைப் படிவு பிடித்தால் சூடு சரியாக ஏறாது. மெடிக்கல் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேளுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் பாட்டில் தண்ணீர் மூச்சுக்குள் போவதற்காகச் செய்தது இல்லை. காலையில் மீதியைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள், மறுநாள் அதன்மேலேயே ஊற்றக் கூடாது. படிவு வந்திருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஊறவைத்துக் கழுவலாம்.

மெஷினைத் தரையில் வைக்காதீர்கள். முற்றத்துத் தூசி எல்லாம் கீழேதான் உருளும். ஸ்டூலில் வையுங்கள், ஆனால் படுக்கும் மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். அப்போதுதான் குழாயில் கோர்க்கும் நீர் முகத்துக்கு வராது. ஃபில்டரை வாரம் ஒருமுறை பார்த்து, கறுத்திருந்தால் மாற்றுங்கள். கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணியையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், மெஷின் அந்தப் புகையையும் சேர்த்துத்தான் இழுத்து ஊதும். கொசுவலைதான் நல்லது.

இன்னொன்று: முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். மாஸ்க்கின் சிலிக்கோன் மெத்தை வழுக்கி லீக் ஆகும், சீக்கிரம் கெட்டும் போகும். படுக்குமுன் சோப்புப் போட்டு முகம் கழுவட்டும். மாஸ்க்கின் மெத்தைப் பகுதியையும் தினம் மிதமான சோப்பில் கழுவுங்கள்.

பள்ளத்தூர்_88

இடையில் ஒரு கேள்வி. சிங்கப்பூரிலிருந்து அம்மான் ஒரு பழைய பிலிப்ஸ் மெஷின் கொண்டுவந்து கொடுத்தார். பயன்படுத்தலாமா?

கரண்ட்டுக்காரர்

ட்ரீம்ஸ்டேஷன் முதல் மாடல் என்றால் நிறுத்துங்கள். உள்ளே சத்தம் அடக்க வைத்த நுரை உதிர்ந்து காற்றோடு வரக்கூடும் என்று 2021 ஜூனில் அந்த நிறுவனமே பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. சீரியல் நம்பரைச் சரிபார்க்காமல் மாட்ட வேண்டாம். சிங்கப்பூர் பிளக் இங்கே நேராக நுழையாது என்பது அப்புறம் பார்க்கிற விஷயம்.

வளவுவீட்டுப்பிள்ளை

கார்டில் பார்த்தேன்: லீக் நிமிடத்துக்கு 41 லிட்டர், 95 சதவீத அழுத்தம் 13.6, மீதி ஏஹெச்ஐ 9. மெஷின் ரெஸ்மெட். ஒரு மணிக்கு மேல் லீக் கோடு செங்குத்தாக ஏறுது. மீசை உண்டு. மல்லாந்து படுப்பார்.

மூச்சுக்கணக்கு

எல்லாப் புகாருக்கும் அந்த 41-தான் காரணம் போலிருக்கு. ரெஸ்மெட்டில் 24-ஐத் தாண்டினாலே அதிகம். மூக்கில் போகும் காற்று திறந்த வாய் வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் வாய் காயுது, அழுத்தம் ஏறுது, வயிறு உப்புது. லீக் இவ்வளவு இருக்கும்போது 9 என்ற கணக்கையும் நம்ப முடியாது. மூக்கடைப்பு இருந்தால் படுக்குமுன் உப்புநீர் ஸ்பிரே அடித்து மூக்கைத் திறந்துவிடுங்கள். மாஸ்க்கை உட்கார்ந்தபடி இறுக்காதீர்கள். படுத்து, காற்று ஓடும்போது முகத்திலிருந்து லேசாக இழுத்து விட்டு, மெத்தை முகத்தில் தானே பதிந்த பிறகு பட்டையைச் சரிசெய்யுங்கள். அதிகம் இறுக்கினால் மெத்தை நசுங்கி இன்னும் ஒழுகும், மூக்குத்தண்டும் புண்ணாகும். மீசை மேல் உதட்டை மூடினால் ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

ஒரு வாரத்தில் 24-க்குக் கீழே வராவிட்டால் முழுமுக மாஸ்க் கேளுங்கள். அந்தக் கார்டையும் எடுத்துக்கொண்டு மெஷின் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய் ஆரம்ப அழுத்தத்தை மாற்றச் சொல்லுங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ போவதென்றால் வண்டியை நீங்களே ஓட்டுங்கள். பகல் தூக்கம் தெளியும் வரை அப்பச்சி கையில் ஸ்டீயரிங் வேண்டாம்.