வில்லியம்ஸ்பர்க் கல்லூரித் தலைவர் வீடு: நேரில் பார்த்தவர்கள், பழங்கட்டட வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்

செங்கல்கிறுக்கன்:
அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வில்லியம்ஸ்பர்க் நகரில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரித் தலைவரின் வீட்டுக்கு மாளிகை என்ற நினைப்போடு போனால் ஏமாற்றம்தான். தூண் வரிசை எதுவும் இல்லை. சரிந்த கூரை போட்ட செங்கல் வீடு, அவ்வளவே. 1732 ஜூலை 31 அன்று அஸ்திவாரத்தின் முதல் ஐந்து செங்கற்களை அன்றைய தலைவர் ஜேம்ஸ் பிளேரும் நான்கு ஆசிரியர்களும் வரிசையாக வைத்தார்கள். இன்றும் தலைவர் குடியிருக்கும் வீடு என்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. வெளிச்சுவரைப் பார்க்கவே அரைமணி நேரம் போதாது. ஒவ்வொரு வரியிலும் ஒரு செங்கல் நீளவாட்டில், அடுத்தது தலைவாட்டில், அதாவது குறுகிய முனை வெளியே தெரியும்படி. தலைவாட்டுக் கல்லில் சாம்பல்நீல மினுமினுப்பு தெரிந்தால் அது பூச்சு அல்ல. விறகுச் சூளையில் தீக்குப் பக்கத்தில் வெந்த கல்.

காளவாய்:
இந்த மாதிரிச் சுவரில் இணைப்புச் சாந்து உதிர்ந்தால் சிமென்ட் பக்கமே போகக்கூடாது. சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுவரில் ஏறிய ஈரம் சுண்ணாம்பு இணைப்பு வழியாக வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கல்லுக்குள் தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். பெயர்ந்த கல்லைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

முறை இதுதான்: இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்கு உளியால் சுரண்டுங்கள். கிரைண்டர் வேண்டாம், கல்லின் விளிம்பு போய்விடும். தூசியை நீக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பு 1, மணல் 3 என்ற கணக்கில் கெட்டியான சாந்தை அடுக்கடுக்காக அழுத்துங்கள். ஒரே மூச்சில் நிரப்பினால் சுருங்கி வெடிக்கும். பிறகு ஈரச் சாக்கு கட்டிச் சில நாள் காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறைபனிக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வர்ஜீனியாவாசி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1781இல் முதலில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் இந்த வீட்டில் தங்கினார். அவர் சரணடைந்த யார்க்டவுன் முற்றுகைக்குப் பின், அமெரிக்கர்களின் கூட்டாளிகளான பிரெஞ்சுப் படையினர் இங்கே இருந்தபோது தவறுதலாகத் தீப்பிடித்தது. பழுதுபார்க்கும் செலவை பிரெஞ்சுத் தரப்பே கொடுத்தது. 1931இல் அமெரிக்கச் செல்வந்தர் ராக்ஃபெல்லரின் பணத்தில் மறுசீரமைப்பும் நடந்தது. அதனால் உள்ளே காணும் மரவேலை எல்லாமே 1730களைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.