மெயின் போர்க்கப்பலை வெடிக்க வைத்தது யார்?

பிறைவாசி:
வணக்கம். 1898 பிப்ரவரி 15 இரவு, அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் மெயின் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். செத்தவர்கள் 260-க்கும் மேல், ஆனால் அதிகாரிகள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள், அதனால் ஸ்பெயினோடு போர் வேண்டி அமெரிக்காவே வெடி வைத்துக்கொண்டது என்கிறார்கள். நம்பலாமா?

ஜார்ஜ்டவுன் கடலோரம்:
நம்பாதீர்கள் தம்பி. வெடித்தது கப்பலின் முன்பக்கம், மாலுமிகள் படுத்திருந்த இடமும் அதுதான், அதிகாரிகளின் அறைகள் பின்பக்கம். கேப்டன் சிக்ஸ்பியும் கப்பலில்தான் இருந்தார், விசாரணை முடியும்வரை மக்கள் முடிவுக்கு வர வேண்டாம் என்று அன்றிரவே தந்தி கொடுத்தவர் அவர். யார் கேட்டார்கள்? பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட்டின் நாளிதழ் குற்றவாளியைக் காட்டினால் 50,000 டாலர் என்று போட்டது. அமெரிக்கக் கடற்படை விசாரணை வெளியே கண்ணிவெடி என்றது, வைத்தவர் யார் என்று சொல்லவில்லை. ஸ்பெயின் விசாரித்து, தண்ணீர் மேலே எழும்பவில்லை, துறைமுகத்தில் மீன் செத்து மிதக்கவில்லை, வெடித்தது உள்ளேதான் என்றது. அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர்.

செந்தூல் அண்ணன்:
நான் மின்நிலையத்தில் நிலக்கரி யார்டில் வேலை பார்த்தவன், அதனால் 1976-இல் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ரிக்கோவர் குழு, கரி அறையில் பிடித்த தீயால் வெடிமருந்து உள்ளேயே வெடித்திருக்கலாம் என்று சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது. நிலக்கரி தானாகச் சூடேறும். குவியலை புல்டோசரால் அழுத்தி வைக்காவிட்டால் காற்று உள்ளே போய், முதலில் லேசாக ஆவி, அப்புறம் ஒரு வாடை, தோண்டிப் பார்த்தால் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மெயினில் கரி அறைக்கும் வெடிமருந்து அறைக்கும் நடுவே ஒரு இரும்புத் தடுப்புதான். ஆனால் 1911-இல் கப்பலைச் சுற்றி அணை கட்டித் தண்ணீரை இறைத்துப் பார்த்தவர்கள், அடித்தகடு உள்பக்கம் வளைந்திருக்கிறது, வெளிவெடிதான் என்றார்கள். இன்றுவரை எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவு கிடையாது.

பிறைவாசி:
நன்றி அண்ணே. சரி, போரால் கியூபாவுக்கு விடுதலை கிடைத்ததா?

ஜார்ஜ்டவுன் கடலோரம்:
1902-இல் கிடைத்தது, ஆனால் தேவைப்பட்டால் அமெரிக்கா தலையிடலாம் என்ற பிளாட் திருத்தம் என்னும் நிபந்தனையோடு, கியூபாவின் குவாண்டானமோ விரிகுடாவும் அப்படித்தான் அமெரிக்கக் கடற்படைத் தளமாகப் போனது. எனக்கு மனசு ஆறாதது நம் பக்கத்து பிலிப்பைன்ஸ்தான், அதுவும் ஸ்பெயினிடம் இருந்த நாடு. அங்கே விடுதலைப் போராட்டத் தலைவர் அகினால்டோ 1898 ஜூன் 12-இல் சுதந்திரம் அறிவித்துவிட்டார், டிசம்பரில் பாரிஸில் ஸ்பெயினும் அமெரிக்காவும் போட்ட ஒப்பந்தத்தில் பிலிப்பைன்ஸ் மக்களைக் கேட்காமலே 2 கோடி டாலருக்கு அந்த நாடு அமெரிக்காவிடம் கைமாறியது. 1899 பிப்ரவரியிலேயே அங்கே அடுத்த போர், இந்த முறை அமெரிக்காவை எதிர்த்து.