பகலில் சாலிட்வொர்க்ஸ், ராத்திரி கேம்: ஒரே கம்ப்யூட்டர் போதுமா?

கேள்வி:
கோவையில் பம்ப் பாகங்கள் வடிவமைக்கிறேன். பகலெல்லாம் சாலிட்வொர்க்ஸ் (பாகங்களை 3டி மாடலாக வடிவமைக்கும் மென்பொருள்), ராத்திரி பத்து மணிக்கு மேல் தம்பியோடு கேம். கையில் 90 ஆயிரம், மானிட்டர் இருக்கிறது. கடைக்காரர் 16 கோர் (கணக்கிடும் மையம்) உள்ள பிராசசர்தான் வேண்டும் என்கிறார். தேவையா அண்ணா?

பதில் 1:
தேவையில்லை தம்பி. மாடலிங்கில் பெரும்பகுதி ஒரே கோரில்தான் ஓடும். கோர் எண்ணிக்கையை விட ஒரு கோரின் வேகம் முக்கியம். ரெண்டரிங் (மாடலை நிஜப் படம்போல் ஆக்குவது), சிமுலேஷன் (பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது) இரண்டுக்கும்தான் நிறைய கோர் உதவும். அசெம்பிளியில், அதாவது சேர்த்த முழு மாடலில், எத்தனை பாகங்கள்?

கேள்வி கேட்டவர்:
முந்நூறைத் தாண்டாது. ரெண்டரிங் மாதம் ஒரு தடவை.

பதில் 1:
அப்படியானால் ரைசன் 5 7600 பிராசசர் போதும். ராம் 32 ஜிபி, இரண்டு 16 ஆக; ஜோடியாகப் போட்டால்தான் முழு வேகம். நான் முதலில் ஒரே குச்சியாகப் போட்டுவிட்டு, கேம் ஏன் திக்குகிறது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்!

பதில் 2:
ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேமுக்கான ஜீஃபோர்ஸ் கிராபிக்ஸ் கார்டில் ரியல்வியூ (சாலிட்வொர்க்ஸில் மாடலை நிஜம்போல் பளபளப்பாகக் காட்டும் வசதி) அதிகாரபூர்வமாக வேலை செய்யாது. அது தொழில்முறை கார்டுகளுக்கு மட்டும். பளபளப்பு போகும், மாடலிங் நிற்காது. கார்டை இயக்கும் மென்பொருளில், வடிவமைப்பு வேலைகளுக்கான ஸ்டுடியோ டிரைவர் போடுங்கள், கேமும் ஓடும்.

கேள்வி கேட்டவர்:
பளபளப்பு வேண்டாம், வார்ப்படக்காரருக்கு வரைபடம் போதும். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.