வைரஸை வேணும்னே பரப்பி விட்டா யாருக்கு என்ன லாபம்?

ராக்கோழி:
ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடுற டவுட்டு. எந்தப் புது நோய் வந்தாலும் "எவனோ வேணும்னே விட்டது"ன்னு உடனே ஒரு ஃபார்வர்டு வந்துடுது. சரி, அப்படியே வச்சுப்போம், விட்டவனுக்கு அதுல என்ன கிடைக்கும்? அவனும் அவன் பிள்ளைகுட்டிங்களும் இதே காத்தைத்தானே சுவாசிக்கணும்?

செவ்வந்தி:
வேணும்னே விட்டிருக்காங்க, ஆனா முயல் மேல. ஆஸ்திரேலியாவுல முயல் பெருகி மேய்ச்சல் நிலத்தையே மொட்டையடிக்குதுன்னு 1950ல கவர்மென்ட் ஆளுங்களே மிக்சோமா வைரஸை இறக்கி விட்டாங்க. ஆரம்பத்துல மாட்டுன முயல்ல 100க்கு 99 காலி, கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிட்டு எந்தப் பக்கம் ஓடுறதுன்னே தெரியாம உக்காந்திருக்கும் பாவம். கொஞ்ச வருசத்துலயே வைரஸோட வீரியம் குறைஞ்சு, தப்பிச்ச முயலுங்களும் அதைத் தாங்க ஆரம்பிச்சுடுச்சு.

இதைக் கேள்விப்பட்டு 1952ல பிரான்சுல அர்மான் தெலில்னு ஒரு டாக்டர் சுத்திலும் மதில் இருக்கே, வெளிய போகாதுன்னு நம்பி தன் எஸ்டேட்ல ரெண்டே ரெண்டு முயலுக்கு ஊசி போட்டு விட்டாரு. இதைப் பரப்புறதே கொசுவும் தெள்ளுப்பூச்சியும்தான், அதுங்களுக்கு மதில் ஒரு பொருட்டா? அடுத்த வருசமே பிரிட்டன் வரைக்கும் போயிடுச்சு.

பழையபேனா:
மனுசங்க மேலயும் நடந்திருக்கு. 1763ல அமெரிக்காவுல பிரிட்டிஷ்காரங்களோட பிட் கோட்டையை பழங்குடிங்க முற்றுகை போட்டப்ப, பேச வந்த பழங்குடிங்க கையில கோட்டைக்காரங்க பெரியம்மை ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டு போர்வையும் ஒரு கைக்குட்டையும் குடுத்து அனுப்புனாங்க. உங்க கேள்விக்கு பதில் இங்க இருக்கு, அப்போ வெள்ளைக்காரங்கள்ல நிறைய பேருக்கு சின்ன வயசுலயே அம்மை வந்து போயிருக்கும், நமக்கு ஒண்ணும் ஆகாதுங்குற தைரியம்தான். அந்தத் தைரியம் இல்லாத இடத்துல எவனும் சுலபமா கை வைக்க மாட்டான்.

1984ல அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துல நடந்த கேஸ் இன்னும் கூத்து. லோக்கல் எலெக்‌ஷன்ல எதிர்த்தரப்பு ஓட்டுப் போட வரக்கூடாதுன்னு ரஜ்னீஷ் ஆசிரமத்து ஆளுங்க ஓட்டல் சாலட்ல சால்மோனெல்லா கலந்து 751 பேரைப் படுக்க வச்சாங்க. வைரஸ் இல்ல, பாக்டீரியா, இருந்தாலும் காரணத்தைப் பாருங்க, ஓட்டு!

ராக்கோழி:
கைக்குட்டை விசயம் தெரியாது, தேங்க்ஸ். ஆமா, அந்த முயல் டாக்டரை யாரும் கேக்கலையா?

செவ்வந்தி:
வேட்டைக்காரங்க கோர்ட்டுக்கு இழுத்து அபராதம் வாங்கிக் குடுத்தாங்க. 1956ல பயிரைக் காப்பாத்துனாருன்னு தங்க மெடலும் குடுத்தாங்க, மெடல்ல ஒரு பக்கம் செத்த முயல் படம் வேற.